மச்சாளுக்கு ஒரு நோட்

வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பிள்ளை, நான் ஆரோட என்னத்துக்குக் கோவமெண்டு மறந்து மறந்து போகுது. எழுதி வைக்க நல்ல ஆப் ஒண்டு சொல்லு. காசில்லாததாப் பார்.”

இளையவர் போனைத் திறந்தார். “இது நல்லது அக்கா. போனில எழுதினா வீட்டுக் கம்ப்யூட்டரிலயும் வரும்.”

“ஐயோ, அவர் பாத்திடுவார். வேற?”

“இதுக்கு பாஸ்வேர்ட் போடலாம். ஆனா அம்பது நோட்தான் ஃப்ரீ.”

“அம்பது காணாது.”

கொள்ளுப்பிட்டி வருவதற்குள், எத்தனை வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. மூத்தவர் முதல் நோட்டுக்கு ‘மச்சாள்’ என்று தலைப்புப் போட்டார். அதற்குமேல் விரல் ஓடவில்லை.

“ரெண்டு வருசமா அவவோட கதைக்கிறேல்ல. ஏனெண்டுதான் ஞாபகமில்ல. ஞாயிற்றுக்கிழமை அவவின்ட மகளுக்குக் கலியாணம். போறதோ, விடுறதோ?”

“அவவிட்டயே கேளுங்கோவன்.”

உடனே அழைப்பெடுத்துக் கேட்டேவிட்டார். மறுமுனையில் மச்சாள் நெடுநேரம் பேசினார். போனை வைத்தபோது இவருடைய முகம் சிவந்திருந்தது.

“என்னவாம், அக்கா?”

“நான் கதைக்காம இருந்ததே அவவுக்குத் தெரியாதாம்! எனக்குச் சாறி வேற எடுத்து வைச்சிருக்கிறாவாம்.”

“அப்ப கலியாணத்துக்குப் போறியளோ?”

“போகாம? பொறு பிள்ளை, முதல்ல இதை எழுதிப்போடுறன்.”