பேர் வெட்டிய பிளாஸ்டிக் குடம்

பெருமாநல்லூரிலிருந்து அனுப்பர்பாளையம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு புதுப் பச்சை பிளாஸ்டிக் குடம்.

"எங்க மாமியா பேர்லதானுங்க தண்ணி ஒழுகுது" என்றாள் அவள்.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பித்தளைக் குடத்துலயெல்லாம் பேரு வெட்டியிருக்குதுங்க. இதுலயும் வெட்டோணும், இல்லாட்டி குழாயடியில மாறிப்போயிருமுன்னு ஒரே புடியா நின்னாங்க. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடையில பேரு வெட்டறவரு உளியக் காய்ச்சி வெச்சாருங்க. புள்ளிக்குப் புள்ளி ஓட்டை."

"அட சாமி!"

"சோப்பு டப்பாவுலயும் வெட்டுனோமுங்க. அது நல்லதாப் போச்சு, தண்ணி வடிஞ்சிருது."

"நைலான் ஒயர் கூடைக்கு?"

"அதுல வெட்ட எடமில்லீங்களே. பித்தளைத் தகட்டுல பேரு வெட்டித் தொங்க உட்டிருக்காங்க."

"ஒழுகற குடத்தப் பாத்து மாமியா திட்டலீங்களா?"

"எங்கீங்க! பேரு எட்ட இருந்தே தெரியுதுன்னு ஒரே சந்தோசம்."

"அப்பறம் எதுக்குங்க திருப்பி எடுத்துட்டுப் போறீங்க?"

"இனிசியல் உட்டுப்போச்சாமாங்க."