சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த சாம்பல் மேடு

திருவண்ணாமலை நீதித்துறை நடுவர் முன்பு 24.4.2003 அன்று காலை 11.10 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் மதிவதனி. வயது 43. கணவர் பெயர் கோதண்டராமன். வேங்கிக்கால் ஏரிக்கரைத் தெரு, கதவு எண் 17-இல் குடியிருக்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும் நடுவர் அவர்கள் நேற்று எனக்கு விளக்கி, ஒரு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னார். யோசித்தேன். இன்று யாரும் அழைத்து வராமல் நானே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் வீட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் இடத்தில் ஐந்து வருடமாகச் சாம்பல் கல் தயாரித்து வருகிறோம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த பின் மிஞ்சும் சாம்பலை லாரியில் வரவழைத்து, அதனுடன் சுண்ணாம்பு, ஜிப்சம், கல் உடைக்கும் கிரஷரில் விழும் தூள் சேர்த்து மிக்சரில் கலந்து, மெஷினில் அழுத்திக் கல்லாக எடுக்கிறோம். சூளை கிடையாது. எடுத்த கல்லை அடுக்கி இரண்டு வாரம் தண்ணீர் விட்டால் தானே இறுகிவிடும். வெளி வேலைகளை என் கணவர் பார்க்கிறார். கலவை அளவும் கல்லின் தரமும் என் பொறுப்பு.

இறந்துபோன உண்ணாமலைக்கு வயது 39. ஆடையூரைச் சேர்ந்தவர். நான்கு வருடமாக எங்களிடம் வேலை செய்தார். சாம்பல் மேட்டிலிருந்து இரும்புச் சட்டியில் சாம்பல் அள்ளி வந்து மிக்சரில் கொட்டுவது அவர் வேலை. மிக்சரையும் மெஷினையும் பார்த்துக்கொள்பவர் பலராமன். இவரும் ஆடையூர்தான்.

சென்ற பிப்ரவரி மாதம், எங்கள் இடத்துக்கு அடுத்து வீடு கட்டிக் குடிவந்த ராமதாஸ் என்பவர் என்னிடம் வந்து, "மேடம், என் பொண்ணு யூனிபாரத்தை மாடியில காயப்போட்டா சாயங்காலம் சிமெண்ட் மூட்டை மாதிரி திரும்பி வருது. மூச்சு வுட முடியல," என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் சாம்பல் மேடு மதில் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு இருந்தது. காற்றடித்தால் பறந்தது. அதன் பிறகு அவர் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். அதன் பிறகு ஓர் அதிகாரி வந்து பார்த்து, சாம்பலை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும், ஏப்ரல் 17ஆம் தேதி வியாழக்கிழமை மறுபடி வந்து பார்ப்பேன், அப்போதும் பறந்தால் வேலையை நிறுத்த உத்தரவு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் பீய்ச்சினோம். கோடையில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. கல்லுக்கு விடவே தண்ணீர் போதவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லை எது இறுக்குகிறதோ அதையே மேட்டின் மேல் தெளித்தால் என்ன என்று நினைத்தேன். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் பாலாகக் கரைத்து மேடு முழுவதும் மெல்லியதாகத் தெளிக்கச் செய்தேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு முறையும் ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு முறையும் இப்படிச் செய்தோம். பலராமன் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில்தான் மூன்று முறையும் தெளித்தது. என் கணவருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று அல்ல, சரியாக வந்தால் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நான் கரைத்துக் கொடுத்தேன், உண்ணாமலை ஏணியில் ஏறித் தெளித்தார். "சாம்பலுக்கு வெள்ளை அடிக்கிற மொத ஆளு நீங்கதாம்மா. அடுத்து கோலம் போடணுமா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

மேட்டின் மேல் நான்கு விரற்கடை கனத்துக்குப் பொருக்குக் கட்டியது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஓடு மாதிரிச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதன் மேல் ஏறி நடந்தன. தூசி நின்றுவிட்டது. ராமதாஸ் மதில் மேல் எட்டிப் பார்த்து, "இப்ப பரவால்லீங்க மேடம். இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது சரியாக விளங்காது என்பதால் சொல்கிறேன்.

பொருக்கை உடைத்தால் மறுபடி பறக்கும் என்பதால், மேலே கை வைக்காமல் முன்பக்கம் அடியில் மட்டும் அள்ளும்படி சொல்லியிருந்தேன். நாளாக நாளாக அடியில் குடைந்துகொண்டே போனது. ஏப்ரல் 14ஆம் தேதி நான் பார்த்தபோது ஓர் ஆள் குனிந்து உள்ளே போகும் அளவுக்குக் குழிந்திருந்தது. சாதாரணச் சாம்பலாக இருந்திருந்தால் அவ்வப்போது தானே சரிந்து இறங்கியிருக்கும். இது இறங்கவில்லை. சாம்பலும் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஏன் இறுகும் என்று படித்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான். இறுகியது மேலே நான்கு விரல்தான், உள்ளே இருப்பது மாவு என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வழக்கம் போல் முதல் நாளே லாரிகளை ஊருக்கு வெளியில் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு வர வேண்டிய சாம்பல் லாரி அவலூர்பேட்டை சாலையில் நின்றது. ஆசிரமம் பக்கம் கட்டும் ஒரு விடுதிக்குக் கல் அனுப்ப வேண்டியிருந்ததால், இருப்பதை வைத்து மதியம் வரை ஓட்டலாம் என்று சொன்னேன். காலை எட்டு மணிக்கு உண்ணாமலையும் பலராமனும் வந்தார்கள். உண்ணாமலை, "மத்தியானம் வுட்டுடுங்கம்மா, மலை சுத்தணும்," என்று சொல்லி, பையை ஆணியில் மாட்டினார். பையில் சாப்பாட்டு டப்பாவும் ஒரு பொட்டலம் கற்பூரமும் இருந்தன.

காலை சுமார் பத்தேகால் மணிக்கு உண்ணாமலை என்னிடம் வந்து, "அம்மா, முன்னாடி இருக்கிறது தீந்துபோச்சு. மேல கொத்திக் கொஞ்சம் சரிச்சு வுட்டுக்கறேன்," என்றார். நான், "மேல கை வைக்காத உண்ணாமலை. இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா இருக்கு. நாளைக்கு ஆபீசர் வராரு. அடியிலேர்ந்தே எடு," என்றேன். அவர், "உள்ள பூந்துல்ல எடுக்கணும்," என்றார். நான், "குனிஞ்சு எடு, ஒண்ணும் ஆவாது. அதான் கல்லு மாதிரி நிக்குதே," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க வெள்ளை அடிச்சதாச்சே, நிக்காம இன்னா பண்ணும்?" என்று சொல்லி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் ஷெட்டுக்குள் போய், தண்ணீரில் ஊறவைத்த மாதிரிக் கற்களைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். மூன்று கல் நிறுத்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இதைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். உண்மையில் எதுவும் கேட்கவில்லை. மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. பலராமன் வெளியிலிருந்து, "அக்கா, சாம்பல் எங்க?" என்று இரண்டு முறை கூப்பிட்டது கேட்டது. அதன் பிறகு அவர் ஷெட் வாசலுக்கு வந்து, "இன்னாம்மா, அக்கா இப்பவே மலை சுத்தக் கெளம்பிடுச்சா?" என்று கேட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். உண்ணாமலையின் செருப்புகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேடு உயரம் குறைந்து, முன்பக்கம் வழுவழுவென்று சரிவாக இருந்தது. அதன் மேல் பொருக்குத் துண்டுகள் உடைந்த ஓடு மாதிரிக் கிடந்தன. அந்தச் சரிவில் ஒரு கால் தடம்கூட இல்லை.

பலராமன் ஓடிப்போய் மிக்சரை நிறுத்தினார். நிறுத்தியதும், சாலையில் அன்னதானம் கொடுப்பவர்கள் ஒலிபெருக்கியில் வரிசையில் வரச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நாங்கள் இருவரும் கையால் வாரினோம். ஒரு கை வாரினால் இரண்டு கை அளவு மேலிருந்து வழிந்து இறங்கியது. மண்வெட்டி போட எனக்குப் பயமாக இருந்தது. ராமதாஸ் மதில் ஏறிக் குதித்து வந்தார். அவர் தன் வீட்டுக் கதவுப் பலகையைக் கொண்டுவந்து தடுப்பாகப் பிடித்த பிறகுதான் குழி மூடாமல் நின்றது. முதலில் சட்டிதான் கிடைத்தது. அது நிரம்பி இருந்தது. அதற்குப் பின்னால் உண்ணாமலை குனிந்த நிலையிலேயே இருந்தார். வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனதாகப் பலராமன் சொல்கிறார். எனக்கு நேரம் தெரியவில்லை. கல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயால் அவர் முகத்தைக் கழுவினேன். வாய்க்குள் விரல் விட்டு எடுத்தேன். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. ராமதாஸ், "போதும் மேடம், வுடுங்க," என்று என் கையைப் பிடித்தார். அரசு மருத்துவமனையில், கொண்டுவரும் முன்பே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை பார்த்தபோது என் நகக்கண்களில் இருந்த சாம்பல் கெட்டியாக இறுகியிருந்தது.

மருத்துவமனைக்கு வந்த என் கணவர் என்னைத் தனியே அழைத்து, "நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கறேன்," என்றார். அவர் காவல் நிலையத்தில், உள்ளே போகக் கூடாது என்று எச்சரித்தும் கேளாமல் உண்ணாமலை தானாகக் குடைந்து உள்ளே சென்றபோது சாம்பல் சரிந்துவிட்டது என்று சொன்னார். அங்கிருந்த காவல் அதிகாரி என்னைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நான் உள்ளே போகச் சொன்னதும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்ததும் என் கணவருக்கு அப்போது தெரியாது. அவர் எங்களுக்கு நல்லது என்று நினைத்ததைச் சொன்னார்.

22ஆம் தேதி நான் ஆடையூருக்குப் போனேன். உண்ணாமலையின் கணவர் தருமன் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் என்னிடம், "ஒண்ணுதாம்மா எனக்குப் புரியல. நீங்க ஒண்ணு சொன்னா அவ அதைத் தாண்ட மாட்டாளே. வீட்டுல வந்து, எங்க அம்மா இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்கன்னு உங்க பேச்சுத்தான். அன்னிக்கு மட்டும் எப்படிங்க கேக்காம போனா?" என்று கேட்டார். அவர் என்னைக் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற மகள் ரேவதி, "ஊர்ல எல்லாரும் அம்மா திமிருல செத்துச்சுன்னு சொல்றாங்க ஆன்ட்டி," என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அதன் பிறகு, "தெளிச்சது உனக்கும் அவளுக்கும்தான் தெரியும். கேக்க ஆளே இல்லாத விஷயத்த நீயா போய்ச் சொல்லுவியா?" என்றார். கேட்க ஆள் இருக்கிறார், முந்தாநாள் கேட்டுவிட்டார் என்பதுதான் இன்று நான் இங்கே வந்ததற்குக் காரணம்.

உண்ணாமலை மேலிருந்து சரித்துவிடலாம் என்று சொன்னார். அது சரியான வழி. நான் வேண்டாம் என்றேன். அவர் என் பேச்சைக் கேட்டார். கேட்டதால்தான் உள்ளே இருந்தார்.

இதை யாருடைய தூண்டுதலும் பயமுறுத்தலும் இல்லாமல் என் விருப்பப்படி சொல்லியிருக்கிறேன். எழுத்தர் படித்துக் காட்டினார், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் கேட்டுக்கொண்டேன். விபத்து நடந்த இடத்தைக் குறிக்கும் இணைப்புப் படத்தின் கீழே, காவல் நிலைய அறிக்கையிலிருந்து எடுத்து, "இறந்தவர் தானாக உள்ளே சென்ற இடம்" என்று எழுதியிருந்தது. என் வேண்டுகோளின்படி "தானாக" என்ற சொல் அடிக்கப்பட்டு, அதற்கு மேல் "மதிவதனி சொன்னபடி" என்று எழுதப்பட்டது. அதன் அருகிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
கோ. மதிவதனி
24.4.2003