சதுப்பு நிலத்தாரின் ஒரே குற்றம்

மாவைச் சலிக்காமல் நான் எதையும் பிசைந்ததில்லை. இருபத்திரண்டு வருடக் கைப்பழக்கம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சலித்தேனா என்று நீங்கள் கேட்டால், எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதெல்லாம் ஓரளவு நினைவிருக்கிறது. சில இடங்களில் முன்பின்னாக இருக்கலாம். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பேக்கரிக்கு மேலே ஓர் அறை உண்டு. ஒன்பது வருடமாக ஞாயிறு மதியம் அங்கே விளையாடுவோம். பகடை, வரைபடம், நோட்டு. ஆளுக்கொரு பாத்திரம், வீரன், மந்திரக்காரி என்று. அவர்கள் அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள், நான் கதையை நடத்துவேன். நாங்கள் நாலு பேர். நான், என் தங்கை கணவன், பல் டாக்டர், பூகோளம் நடத்தும் டீச்சர். தங்கை கணவனை நாங்கள் எல்லோருமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த உலகத்தில் நான் உண்டாக்கிய ஓர் இனம் சதுப்பு நிலத்தார். அவர்களுக்குப் புதைக்க உலர்ந்த மண் கிடையாது. எரிக்க விறகு கிடையாது. தண்ணீரில் விட்டால் அதைத்தான் குடிக்க வேண்டும். அதனால் தங்கள் இறந்தவர்களை அவர்களே உண்டார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, செத்தவரின் பெயரைச் சொல்லி, ஒரு வாய். இதில் அருவருப்பு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டாக்டருக்குப் புரிந்தது. விளையாட்டுடன் வந்த விதிப் புத்தகத்தில் மனிதரைத் தின்பவர்கள் 'தீயவர்' பட்டியலில் இருந்தார்கள். அவருடைய வீரன் ஒரே மதியத்தில் அவர்கள் குடியிருப்பை எரித்தான். நாற்பது பேர், பிள்ளைகள் உட்பட. அதற்குப் புள்ளிகளும் வாங்கிக்கொண்டார்.

"பேசத் தெரிஞ்ச எதைத் தின்னாலும் அது நரமாமிசம்தான்யா. இதுல என்ன பஞ்சாயத்து?" என்றார்.

"கொன்னா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"கொல்றது வேற, திங்கிறது வேற."

டீச்சர் பகடையை உருட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டீங்களா? டீ ஆறுது," என்றாள்.

மாப்பிள்ளைதான் சிரிக்க வைத்தான். "நான் செத்தா என்னை மச்சான் கையில மட்டும் குடுத்துடாதீங்கப்பா. பன்னுல வெச்சு வித்துடுவாரு."

"வித்துக்கட்டும். நான் போட்ட பல்லை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்," என்றார் டாக்டர். மாப்பிள்ளையின் கீழ்க்கடைவாயில் உலோகத் திருகாணி இறக்கிப் பல் கட்டியது அவர்தான். மேசையே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, அலுவலகப் படிக்கட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம். தங்கை அவன் சாம்பலை ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடியில் போட்டு, படுக்கைக்கு எதிரே அலமாரியில் வைத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் அதனிடம்தான் முதலில் பேசுவாள். அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த முறை கூடியபோது டாக்டர் என் நோட்டை மூடி வைத்தார். "இனிமே இந்தச் சதுப்புக் கூத்து வேணாம்யா. எப்பவுமே அசிங்கம்தான். இப்போ சுத்தமா மனசு தாங்காது."

டீச்சரும் தலையாட்டினாள். ஒன்பது வருட எழுத்து. நான் சரி என்றேன். நான் கத்துகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் தங்கையையும் கூட்டிவருகிறேன், மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் குளிக்கப் போனாள். அவள் திரும்புவதற்குள் ஜாடியிலிருந்து ஆறு கரண்டி எடுத்தேன். எடுத்த அளவுக்கு, கையோடு கொண்டுபோன என் விறகு அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கலக்கிவிட்டேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். கரண்டியில் ஏதோ தட்டியதாக ஒரு ஞாபகம். உறுதியாகச் சொல்ல முடியாது.

சாம்பல் சேர்ந்தால் மாவு இழுவை விட்டுப்போகும். அதற்காக ஒரு முட்டை கூடுதலாக ஊற்றினேன். கருக்கிய சர்க்கரைப் பாகு போட்டால் கறுப்பு பன்னில் எதுவும் தெரியாது. ஆறு பன் வந்தது. ஞாயிறு மதியம் மேல் அறை மேசையில் கொண்டுவந்து வைத்தேன்.

"அண்ணா, இது நல்லா இருக்கு," என்றாள் தங்கை. பல நாளுக்குப் பிறகு அவள் விரும்பிச் சாப்பிட்டது அன்றுதான். இரண்டு சாப்பிட்டாள். டீச்சர் ஒன்று. நான் இரண்டு, ஒவ்வொரு வாய்க்கும் அவன் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டு. மேசையில் அவ்வளவு அமைதி இருந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து, சட்டையில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தன் கையால் இறக்கிய திருகாணி அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார். பிறகு தங்கையின் தட்டைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லாதீங்க," என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் தங்கை காதில் விழுந்துவிட்டது.

டீச்சர் என் நோட்டைத் திறந்து, சதுப்பு நிலத்தாரின் சட்டத்தை எனக்கே படித்துக் காட்டினாள். என் கையெழுத்துதான். அவர்களிடம் ஒரே ஒரு குற்றம்தான் உண்டு: அறியாதவர் வாயில் வைப்பது. அறிந்து உண்டால் உறவு, அறியாமல் உண்டால் வெறும் தீனி. வைத்தவனின் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லமாட்டார்கள். அவள் நன்றாகப் படித்தாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிந்துவிட்டார்கள் அல்லவா? கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

டாக்டர் தன் பல் கிளினிக்கை மூடிவிட்டார். அடுத்தவர் வாய்க்குள் பார்க்க முடியவில்லையாம். நோட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது டீச்சர்தான். தங்கை பதினொரு நாள் எதுவும் சாப்பிடவில்லை. இப்போது வேறு ஊரில், ஜாடியுடன் இருக்கிறாள். அதில் எது அவள் கணவன், எது என் அடுப்பு என்று பிரிக்க முடியாது. அதனால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. என் பெயரை அவள் சொல்வதில்லை. நான் இங்கே இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை.

நான் செய்தது மாப்பிள்ளைக்காக. யார் மீதும் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆறு பன்னில் ஒன்றின் மேல் மட்டும் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டேன். அது டாக்டர் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி வைத்ததும் நான்தான். இதெல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. மாவைச் சலித்தேனா என்பதுதான் நினைவில்லை.