பிரேக்குல கோளாறு இல்ல

"ஹலோ... அண்ணே... ஆங், நான்தான். மேலேர்ந்துதான் பேசறேன்... இல்லண்ணே, வாக்கி டாக்கி நல்லாத்தான் இருக்கு. அதுல பேசினா எல்லாருக்கும் கேக்கும். அதான் போன்ல... தெரியும், பாரம் அந்தரத்துல நிக்குது. நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்... பத்தாவது மாடியில ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, ஆமா, ஆமா, இங்கேர்ந்து தெரியுது... கத்தாதீங்கண்ணே. ஒரே நிமிஷம். சொல்லிடறேன்."

இருபத்திரண்டு மாடி உயரத்தில், நின்றால் தலை இடிக்கும், நீட்டினால் கால் இடிக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவன் அந்தக் கட்டடத்தின் கிரேன் ஓட்டுநர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவன் சொந்தப் பேர் புழங்கவில்லை. எல்லோருக்கும் அவன் ஒட்டகம். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வரும், அதற்கு ஏணியில் கால் மணி இறங்கி அரை மணி ஏற வேண்டும். அந்தப் பேரை வைத்ததே போனில் இப்போது கத்திக்கொண்டிருந்த மேற்பார்வையாளர்தான். பாராட்டாகத்தான் வைத்தார். இவனும் பதினோரு வருஷமாக அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தான்.

"காத்தெல்லாம் இல்லண்ணே, காத்தளக்கிற முள்ளு அடியிலேயே கிடக்கு... கேளுங்க. இப்ப கிரேன் கையைத் திருப்பும்போது பாரம் ஒரு ஆட்டு ஆடுச்சே, பாத்தீங்களா?... பாக்கலையா?... தாடி தலைக்கு மேல ஒரு முழம். ஒரே முழம்... இல்ல, இல்ல, அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காரு. என்னைப் பாத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. டக்குனு நிறுத்திட்டேனாம்."

தாடி என்பவர் பத்தாவது மாடியில் நின்று, கொக்கியில் வரும் பாரத்தை வாங்கி அவிழ்ப்பவர். ஒட்டகத்தைவிட மூத்தவர். இரண்டு டன் கம்பிக்கட்டு தன் தலைக்கு மேல் போய்த் திரும்பியதைப் பார்த்த பிறகும் அந்த மனிதர் மேலே பார்த்துச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் ஒட்டகம் போனை எடுத்தான்.

"அண்ணே... நான் நிறுத்தல... ஆமா, நின்னுச்சு. ஆனா நான் நிறுத்தல... தூங்கிட்டேன்."

"..."

"சிரிக்காதீங்கண்ணே. சத்தியமா... எவ்ளோ நேரம்னா? தூங்கினவனைக் கேட்டா மணி தெரியுமா? ஒரு நொடியோ, மூணு நொடியோ... கை தளர்ந்து லிவர் தானா நடுவுக்கு வந்துடுச்சு. கையை விட்டா நிக்கிற மாதிரிதானே அதைச் செஞ்சு வெச்சிருக்கான் புண்ணியவான். மெஷின் நிறுத்துச்சுண்ணே. நின்ன வேகத்துல பாரம் ஆடி அவர் தலைக்கு மேல போயிட்டு வந்துச்சு. நான் முழிக்கும்போது அவர் குனிஞ்சு நிமிர்றாரு... ஆமா. யாரும் பாக்கல. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"..."

"இல்ல, வைக்க மாட்டேன்... இந்தப் பாரம் ஒண்ணே ஒண்ணுதான்னாலும் மாட்டேன். ஆளுங்க இருக்கிற மாடிக்குக் கொண்டுபோக மாட்டேன். நேரா தரைக்குத்தான் இறக்குவேன். கீழ சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது, விலகச் சொல்லுங்க... கான்கிரீட் வண்டியா? நிக்கட்டும். வண்டிக்கு உயிரா இருக்கு?"

போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் சாய்த்து வைத்தான். இரண்டு கையும் லிவருக்குப் போயின. கீழே மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக விலகின. அவன் கண்ணுக்கு அவை இரண்டிரண்டாகத் தெரிந்தன. பயந்துபோனான். இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டிக்குள் அவன் பயந்தது அதுதான் முதல் தடவை.

"பேசிக்கிட்டே இருங்கண்ணே. நிறுத்தாதீங்க... எதையாவது. திட்டுங்க. சும்மாவே மூச்சு விடாம திட்டுவீங்க, இன்னிக்குன்னு பாத்து வாய் அடைச்சுப்போச்சா?... ஆங், அப்படித்தான். எங்கப்பா வரைக்கும் போயிட்டீங்களா, போங்க, போங்க... எட்டாவது மாடி தாண்டிடுச்சு... ம்... ம்... அஞ்சு... இன்னும் சத்தமாண்ணே... மூணு... தரை... உக்காந்துடுச்சு. கொக்கி தொங்குது. உக்காந்துடுச்சுண்ணே."

அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. லிவரைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"இருக்கேன், இருக்கேன்... என்னன்னு கேட்டா என்ன சொல்றது? இன்னொரு டிரைவர் வேலையை விட்டுப் போனதுல இருந்து நாப்பத்தொம்போது நாள். ஒரு நாள் லீவு இல்ல. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல... ஆமா, 'நானே பாத்துக்கறேன்'னு சொன்னவன் நான்தான். இல்லைங்கல. வாய்க்கொழுப்பு... தூக்கமாண்ணே? படுத்தா கட்டில் ஆடுது. இந்தக் கேபின் ஆடுற மாதிரியே ஆடுது. கண்ணை மூடினா ஏதோ விழற சத்தம் கேக்குது. பொண்டாட்டி எழுந்து 'என்ன ஆச்சு'ன்னு கேப்பா. ஒண்ணுமில்ல, அசதின்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன். நாலு நாளா அதுவும் இல்ல. பொட்டுத் தூக்கம் இல்ல."

"..."

"போனேனே. டாக்டர்கிட்ட போன மாசமே போனேன். ஒண்ணுக்குப் போனா டீ நிறத்துல போகுது, இடுப்புல கத்தியால குத்துற மாதிரி வலி. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடின்னாரு. சரிங்க, சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். மூணு லிட்டர் குடிச்சா நான் கிரேன் ஓட்டவா, ஏணி ஓட்டவா?... சிரிப்பு வருதா? எனக்கும் அன்னிக்கு வந்துச்சு."

"..."

"காலை மீட்டிங்ல நீங்கதானே சொல்வீங்க, சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும்னு. நாங்களும் கை தட்டுவோம். தட்டிட்டு நேரா ஏணிக்கு வந்துடுவோம். உங்க பிரஷர் மாத்திரையை எத்தனை நாள் நான் ஞாபகப்படுத்தியிருக்கேன், சொல்லுங்க... பாத்தீங்களா, இன்னிக்கும் போடல."

மறுமுனையில் குரல் தணிந்தது. யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து நகர்ந்திருக்க வேண்டும், பின்னால் கேட்ட இரைச்சல் குறைந்துவிட்டது. ஒட்டகம் போனைக் காதோடு சேர்த்துக்கொண்டான்.

"ம்... ம்... பிரேக்கா?... பிரேக் பிடிக்கலைன்னு எழுதறதா?... ம். மெக்கானிக் வந்து பாக்க ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் நான் வீட்டுல... யாருக்கும் தெரியாது. லைசென்ஸுக்கும் ஒண்ணும் ஆகாது. ம்... புரியுதுண்ணே. எனக்காகத்தான் சொல்றீங்க."

புரியாமல் என்ன, நன்றாகவே புரிந்தது. தூங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். டாக்டர் பார்த்து, எழுதி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுக்க எத்தனை மாதமோ, கொடுப்பார்களோ மாட்டார்களோ. பிரேக் என்று எழுதினால் பாம்பும் சாகும், கோலும் முறியாது. அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரிண்ணே என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

"அண்ணே... மெக்கானிக் வருவான். கழட்டுவான். பாப்பான். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போவான். மூணாம் நாள் காலையில நான் இதே சீட்டுல வந்து உக்காருவேன். அப்புறம்?... இல்லண்ணே, ரெண்டு நாள் தூங்கினா சரியாயிடற விஷயம் இல்ல இது. எனக்குத் தெரியுது... கேளுங்க. இந்த மெஷினுக்கு வாரம் ஒரு நாள் கிரீஸ். மாசம் ஒரு தடவை கம்பிக் கயித்தைத் தடவிப் பாக்கறோம். ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் வேலை நிறுத்தம். அதுக்குன்னு தனியா நோட்டு, தினமும் நான்தான் கையெழுத்துப் போடறேன். சத்தம் சரியா, சூடு சரியா, எல்லாம் சரி, எல்லாம் சரி. என்னை ஒரு நாள் யாராவது... யாராவது என்ன, நானே கேட்டதில்லையேண்ணே."

அழுகிறான் என்பது அவனுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"இல்ல... அழல... ஆமா, அழறேன். அழுதா என்ன இப்போ?... பிரேக்குல கோளாறு இல்லண்ணே. இன்னிக்கு ஒருத்தர் உயிரைக் காப்பாத்தினதே அதுதான். அது மேலயே பழியைப் போடுன்னா எப்படி? கோளாறு எனக்குத்தான். அப்படியே எழுதுங்க. ஓட்டுநர் உடம்பு சரியில்லாம தூங்கிட்டார்னு எழுதுங்க... போகட்டும். லைசென்ஸ் போனா வேற வேலை. தாடி போயிருந்தா?"

"..."

"சரி... சரிண்ணே. இறங்கறேன்... ம்."

அவன் எழுந்தான். தரையில் இருந்த மூடியைத் திறந்து ஏணியைப் பார்த்தான். தினம் இரண்டு தடவை ஏறி இறங்கும் ஏணிதான். அதன் படிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. மூடியை மறுபடி சாத்தினான்.

"ஹலோ... அண்ணே, இருக்கீங்களா?... தனியா இறங்க முடியாதுண்ணே... இல்ல, முடியாது. கால் நிக்கல. யாரையாவது அனுப்புங்க... தெரியும், நான் இப்படிக் கேட்டதே இல்ல. இன்னிக்குக் கேக்கறேன்... நீங்க ஏறாதீங்க! மாத்திரையும் போடாம ஏறி, அப்புறம் உங்களை யாரு இறக்கறது?... கயிறும் பெல்ட்டும் கொடுத்து அனுப்புங்க, போதும்."

"..."

"யாரு?... தாடியா?... வேற யாரும் இல்லையாண்ணே?... ஏணி ஏறி ஆளை இறக்கிப் பழகினவர் அவர்தான், ஆமா... ம். அவரே கேட்டாரா, 'நான் போறேன்'னு?"

இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அரை மணி அப்படியே போயிற்று. நடுநடுவே ஒட்டகம் "ம், முழிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு ஏணியில் அதிர்வு தெரிந்தது. ஒவ்வொரு படியாக நெருங்கி வந்தது.

"வராருண்ணே... ஒண்ணு மட்டும். அவர்கிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க?... எனக்கு மயக்கம்னு சொன்னீங்களா? சரி. இனிமே எதுவும் சொல்லாதீங்க. நான் சொல்லிக்கறேன்... கோபப்பட்டா படட்டும். அடிச்சாலும் அடிக்கட்டும். அவர் தலை, அவருக்குத் தெரியணும்ல... இருங்க, மூடி திறக்குது... வந்துட்டாரு. மூச்சு வாங்குது மனுஷனுக்கு. என்னைப் பாத்துச் சிரிக்கிறாருண்ணே... வெச்சுடறேன். இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்."