பெர்சிமன் மரத்துப் புழு

ஐயோ, கைய எடுங்க தம்பி! அந்த இலைக்கு அடியிலதான் புழு ஒட்டிட்டிருக்கு. பாக்கப் பச்சைப்பசேல்னு அரிசிமாவு மிட்டாய் கணக்கா இருக்கும். மேல பட்டுச்சோ, கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுனு ஏறும். த்தூ, பாக்கவே குமட்டுது.

இது ஒண்ணுதான்னா பரவாயில்லையே. கீழ பாருங்க, தக்காளி கணக்காப் பழுக்க வேண்டிய பெர்சிமன் எல்லாம் பிஞ்சாக் கொட்டிக் கெடக்கு. இன்னொரு புழு காம்புக்குள்ள பூந்து தின்னுட்டு, அங்கயே பேண்டும் வச்சிருக்கு, சனியன். இலையத் தடவுனா கரி பூசின மாதிரி கையில வருது. மாவுப்பூச்சி ஒழுகவிட்ட பிசுபிசுப்பு மேல பூஞ்சை புடிச்சு... சீ, சொல்லும்போதே ஒடம்பெல்லாம் கூசுது. நாத்தப்பூச்சி இருக்கே, அது இன்னும் மோசம். போன வாரம் காஞ்ச துண்ட எடுத்து மொகம் தொடைச்சேன். மடிப்புக்குள்ள இருந்துருக்கு. அன்னிக்குப் பூரா சோறு எறங்கல.

ஆமா, பக்கத்து மொரிகாவா வீட்டம்மா சொல்லித்தான் உங்கள மருந்தடிக்கக் கூப்பிட்டேன். அவங்க துணியிலயும் ஏறுதாம். நேத்து வேலியோரம் நின்னு, என் பேரச் சொல்லி, தொமொயே, மரத்தயே வெட்டித் தொலைச்சுடேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. அவங்க வீட்டுப் பூனை என் முள்ளங்கிப் பாத்தியில பேண்டுட்டுப் போறத நான் என்னிக்காவது சொல்லிருக்கனா?

இல்ல தம்பி, முன்னெல்லாம் இப்படி இல்ல. எங்க வீட்டுக்காரரு ஷிகெஹரு, ரயில்வேல இருந்தாரு, இந்த மரத்த அப்படிப் பாத்துக்கிட்டாரு. குளிர்காலத்துல பட்டையச் செதுக்கி, உள்ள தூங்குற புழுக்கூடெல்லாம் சுரண்டி எரிச்சுடுவாரு. அடிமரத்துல வைக்கோல் பாய் சுத்துவாரு. எம்மேல கூட அவ்வளவு போத்தி விட்டதில்ல. கோடையில சோறு திங்கிற குச்சியாலயே புழுவப் புடிப்பாரு. புடிச்சத எறிஞ்சுட்டு வந்தாத்தான என்ன? எம்மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. நான் வீடு அதிரக் கத்துவேன். அவருக்கு அதுல ஒரு சந்தோஷம். அருவருப்புப் புடிச்ச மனுஷன்!

எங்கயும் போகல, உள்ளதான் இருக்காரு. அதோ, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால, நாற்காலியில. கும்புடு போட்டா பதில் வராது, தப்பா நெனச்சுக்காதீங்க. போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. வலது கை போச்சு, பேச்சும் போச்சு. பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வருது, பாட்டுப் போட்டுப் பாத்துச்சு, படம் காட்டிப் பாத்துச்சு. மொகத்துல ஒரு அசைவு இல்ல. செவுத்தப் பாத்தே உக்காந்திருந்தாரு, இந்த வருஷ மழைக்காலம் முடியிற வரைக்கும்.

அப்புறம்தான் நான் ஒருநாள் துணி காயப்போட வந்தேன். கிளையில இருந்து இந்தப் பச்சைப்பிசாசு பொத்துனு என் கழுத்துல விழுந்துச்சு. நான் போட்ட கூச்சல்ல மொரிகாவா வீட்டம்மா தீ புடிச்சிருச்சுன்னு ஓடி வந்தாங்க. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரும்பிப் பாக்குறேன், இவரு தோள் குலுங்குது. பயந்தே போயிட்டேன், மறுபடி ஏதோ வந்துருச்சுன்னு. கண்ணாடிக் கதவத் தள்ளிட்டுப் போய்ப் பாத்தா, சிரிக்கிறாரு தம்பி. தொண்டையில இருந்து கர்ருனு சத்தமே வருது!

அன்னியில இருந்து தெனம் காலையில குச்சியில ஒண்ணப் புடிச்சு, அவரு பாக்குற மாதிரி நின்னு கத்துறேன். நடிப்பா? நடிச்சா அவருக்குத் தெரிஞ்சுடும். நெசமாவே கொமட்டிக்கிட்டுதான் வருது, இன்னிக்கும் அப்படித்தான்.

சரி சரி, நீங்க மருந்தக் கலக்குங்க. உச்சியில நல்லா அடிங்க, வேலிப் பக்கமும் விட்றாதீங்க, அந்தம்மா எட்டிப் பாப்பாங்க. அவரோட கண்ணாடிக் கதவுக்கு நேரா வர்ற அந்த ஒரு கிளைய மட்டும் விட்டுடுங்க. நாளைக்குக் காலையில எனக்கு ஒரு புழு வேணும்.