ஒரு சிதாருக்கு இருவர்

சிதாரை வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்காரவே ஒரு மாதம் ஆகும் என்று கல்லூரியில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கால் மரத்துப்போகும். சுரைக்குடம் நழுவும். இருந்தும் எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அது முழுவதும் அடங்கும்வரை பேசாமல் இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு சிதாருக்கு இரண்டு பேர். ஒருத்தி வாசிக்கும்போது மற்றவள் தாளம் போடவேண்டும். என்னோடு சேர்ந்தவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் ஓயாது.

"ஏய் ஊமைக்கோட்டான், தூங்கிட்டியா? தாளம் எங்கடி போச்சு?" என்று என் தொடையில் தட்டுவாள்.

ஆண்டு முடிவில் ஜோடியில் ஒருவர்தான் தொடரலாம் என்று மாஸ்டர் அறிவித்தார். யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கவலைப்படாதடி, நான் மேடை ஏறும்போது உனக்கு முதல் வரிசை" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தந்தியை அழுத்தி ஓரமாக இழுத்துச் சுரத்தை வளைக்கும்போது இடக்கை விரல் அறுபடும். காய்ப்புக் காய்த்த தோல் வெடித்தால் துளி ஒட்டுப்பசை விட்டு மூடிக்கொண்டு வாசிப்பார்கள் என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னார். "காஞ்ச வெடிப்புக்கு மட்டும்தான். ஈரம் இருந்தா பக்கத்துலயே கொண்டுபோகக் கூடாது, உள்ளுக்குள்ளயே சீழ் வெச்சிடும்" என்றும் சொன்னார். அன்று ரேடியோ வரவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். புண் பட்டால் லேசில் ஆறாது. வகுப்பில் என்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

மாஸ்டர் சொன்னதில் முதல் பாதியை மறுநாள் அவளிடம் சொன்னேன். பசையும் நானே வாங்கிவந்தேன்.

முதலில் வெடிப்பில் லேசான ஈரம்தான் இருந்தது. துடைத்துவிட்டு ஒட்டினேன். பிறகு தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரிந்தது. வகுப்புக்கு முன்னால் அவள் விரலை நீட்டுவாள், நான் மூடுவேன்.

"விண்விண்ணுனு தெறிக்குதுடி. மாஸ்டர்கிட்ட காட்டட்டுமா?"

"காட்டினா வாசிக்க விடமாட்டார்" என்றேன். அது உண்மை.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். அப்போதே புறங்கை வீங்கியிருந்தது.

கொஞ்ச நாள் அவள் ஓய்ந்திருந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளை ஓய்வுக்கு அனுப்ப நான் வாயைத் திறந்திருந்தாலே போதும். திறக்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியமில்லை.

விரலை எடுத்தார்கள். பிறகு கையை. பிறகு, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மருத்துவமனை நடையில் அவளுடைய அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டார். "தினமும் நீதான் மருந்து போட்டு விட்டியாமே. கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்திருக்கமாட்டா" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் மதியம் ரேடியோ இறந்துபோனாள்.

யாரும் என்னைத் தூண்டவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துவரும்வரை சிதார் முழுநேரமும் என்னிடம்தான் இருந்தது. ஒரு சுரம்கூடச் சரியாக வளையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாமல் எப்படி வரும்? பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இருந்தாலும் அவள்மேல் எனக்குக் கோபமில்லை.