வியாழக்கிழமைச் சம்பளம்

"காசை விடுங்கோ" எண்டு கத்துறன்.

சிட்னி, ஹோம்புஷ். 1978, ஆனி மாசம். வியாழக்கிழமை பின்னேரம். குளிர்காலம், நேரத்தோடயே இருட்டிப் போச்சு. நாங்கள் மூண்டாம் மாடியில இருந்து ஓடி இறங்குறம். படி முழுக்கப் புகை. வெடிமருந்து மணம். முதல் வெடி வாசலடியில கேட்டது. தகரம் கிழியிற சத்தம். ரெண்டாவது படிக்குக் கீழ. அது அடைச்ச சத்தம், நெஞ்சுக்குள்ள விழுற மாதிரி. மூண்டாவதுக்கு நான் காத்திருக்கேல்லை. மகளைத் தூக்கி இடுப்பில வைச்சிட்டன். நளினிக்கு ஆறு வயசு. தூக்குற வயசில்லை. தூக்கினனான்.

கீழ ஒரு வெள்ளைக்காரன் "ஃபயர், ஃபயர், கெட் அவுட்" எண்டு கத்துறான்.

இவர், என்ர மனுசன், எனக்குப் பின்னால வந்தவர். ரெண்டாம் மாடித் திருப்பத்தில நிண்டிட்டார். பிறகு திரும்பி மேல ஏறுறார். சம்பள என்வலப் குசினி அலுமாரியில சாமிப்படத்துக்கு முன்னால கிடக்கு. அதுக்குத்தான் போறார். அவர் சொல்லேல்லை. சொல்லத் தேவையில்லை. இதை நான் முந்தி ஒருக்காப் பாத்தனான்.

எங்கட வீட்டில ஒரு வழக்கம். சம்பளக் காசைக் கொண்டுவந்த உடன உடைக்கிறேல்லை. சாமிக்கு முன்னால வைக்கவேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கேத்தவேணும். அதுக்குப் பிறகுதான் எண்ணிப் பிரிக்கிறது. வாடகைக்கு இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு. விளக்குக்கு முந்தி ஒரு சதம் எடுத்தாலும் அந்த மாசம் காசு கையில நிக்காது எண்டு அம்மா சொல்லுவா. இவற்ற வீட்டிலயும் அப்பிடித்தான். அதால எங்களுக்கை இதில ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

1977 ஆவணி. கொழும்பு, வெள்ளவத்தை.

இவர் அதுக்கு முதல் வருசமே சிட்னிக்கு வந்திட்டார். நானும் நளினியும் அண்ணாவோட இருந்தனாங்கள். அண்ணா ஒரு இரும்புக்கடையில கணக்குப்பிள்ளை. கலியாணம் கட்டேல்லை. "உங்கட விசா வரட்டும், பிறகு என்ர கலியாணத்தைப் பாப்பம்" எண்டு பகிடியாச் சொல்லுவார். வியாழக்கிழமை கடை முதலாளி அவரைக் கூப்பிட்டு அந்த மாசச் சம்பளத்தை முன்கூட்டியே குடுத்தவர். ஊரில கதை சரியில்லை, பெண்டுகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போ எண்டிருக்கிறார். நானூற்றி இருபது ரூபா. அண்ணா அதைக் கொண்டுவந்து பிஸ்கட் பேணிக்குள்ள போட்டு சாமிப்படத்தடியில வைச்சார். நாளைக்கு விளக்கேத்திப்போட்டு எடுப்பம், இரவு மெயில் ரயிலுக்குப் போவம். அப்பிடித்தான் பேச்சு.

வெள்ளி மத்தியானம் தமிழரை அடிக்கிற காடையர் வந்திட்டாங்கள். விளக்குக்கு இன்னும் நேரம் கிடக்கு.

முதல் கேட்டது சத்தமில்லாத சத்தம். றோட்டில பஸ் ஓடேல்லை. ஐஸ்கிறீம்காரன்ர மணி கேக்கேல்லை. பிறகு தூரத்தில கண்ணாடி. பிறகு கிட்டக் கண்ணாடி. பிறகு எங்கட முன்கதவில இரும்பு அலவாங்கு விழுற சத்தம். ஒருக்கா. நிப்பாட்டி, இன்னொருக்கா. அண்ணா என்னைப் பின்மதிலால தூக்கி விட்டார். பிள்ளையையும் தூக்கி நீட்டினார். பின்வீட்டில ஒரு சிங்களப் பொம்பிளை, நோனா எண்டுதான் கூப்பிடுவம். அவ கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினா. அடுத்தது அண்ணா ஏறவேணும். ஒரு கால் மதிலில வைச்சிட்டார். பிறகு காலை எடுத்திட்டார்.

"மாசச் செலவு உள்ளுக்கை கிடக்கு. நீ பிள்ளையைப் பார்" எண்டார்.

"காசை விடுங்கோ அண்ணா" எண்டு மதிலுக்கு மேலால எட்டிக் கத்தினனான். கேட்டிருக்கும். திரும்பிப் பாக்கேல்லை. குசினிக் கதவால உள்ள போறார். நீலச் சேட்டு. முதுகு வேர்த்து நனைஞ்சு கிடந்தது.

கொஞ்ச நேரத்தால பேணி வந்தது. மதிலுக்கு மேலால எறிஞ்சிருக்கிறார். உடுப்புத் தோய்க்கிற கல்லில விழுந்து உருண்டது. மூடி கழரேல்லை. நான் மதிலையே பாத்துக்கொண்டு நிக்கிறன். பேணி வந்தா ஆளும் வரவேணும் தானே. அந்தப் பக்கம் கன ஆக்களின்ர சத்தம். பிறகு புகை. நோனா என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன்ர அறைக்குள்ள விட்டுப் பூட்டினா. நளினியின்ர வாயை அவதான் பொத்திப் பிடிச்சவ. வந்தவங்களுக்கு வாசலில நிண்டு இங்க ஒருத்தரும் இல்லை எண்டும் சொன்னவ. அந்த மனுசி நல்லா இருக்கவேணும்.

பிறகு அகதி முகாம், ஒரு பள்ளிக்கூடம். பிறகு கப்பல். யாழ்ப்பாணப் பக்கம், காங்கேசன்துறையில இறங்கினம். அண்ணாவைக் கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை. இவருக்குத் தந்தி அடிச்சன், அண்ணாவைக் காணேல்லை எண்டு. அவ்வளவுதான் அடிச்சன். அம்மாவுக்கும் அவ்வளவுதான் சொன்னன். பேணிக்குத் திரும்பிப் போனவர் எண்டு ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. காசாசையில செத்தவன் எண்டு சனம் கதைக்கும். சனத்தின்ர வாய் எனக்குத் தெரியும். அந்தக் கதைக்கு என்ர அண்ணாவை நான் குடுக்கமாட்டன்.

1978 தை மாசம் சிட்னிக்கு வந்தம்.

இவர் ஒரு பெயின்ற் கொம்பனியில கணக்குப் பகுதி. வீட்டுக்கும் கணக்குத்தான். நீலக் கொப்பி ஒண்டு. மாசத்துக்கு ஒரு பக்கம். இங்க சம்பளம் கிழமைக்கொருக்கா, வியாழக்கிழமை, மஞ்சள் என்வலப்பில காசாகவே குடுப்பினம். இவருக்குக் கணக்கு மாசக் கணக்காத்தான் வரும், கொழும்பில பழகின பழக்கம். மாசம் எண்டா நாலு வியாழன். அதுக்குள்ள வாடகை, கரண்ட், ரயில், பால், இறைச்சி, நளினியின்ர பள்ளிக்கூடம். அஞ்சு வியாழன் வாற மாசத்தில அந்த அஞ்சாவது சம்பளம் அப்பிடியே ஊருக்கு. நல்ல ஒழுங்கு. நான் குறை சொல்லேல்லை.

ஆனா என்வலப் வியாழன் பின்னேரம் வரும். வெள்ளி பின்னேரம் வரைக்கும் உடைக்கேலாது. சாமிப்படத்துக்கு முன்னால, ஒரே இடத்தில, முழுக்காசு. ஒரு இரவும் ஒரு பகலும். வெளியில ஒரு காரின்ர புகைக்குழாய் வெடிச்சாலும் நான் எழும்பி நிப்பன். ஆரும் படியில ஓடினா பிள்ளையைக் கிட்ட இழுப்பன். வியாழக்கிழமைகளில சப்பாத்தைக் கழட்டாமப் படுப்பன். இவர் சிரிப்பார். கலியாண வீட்டுக்கே வெளிக்கிட்டு நிக்கிறீர் எண்டு கேப்பார். பிரிச்சு வைப்பம், கொஞ்சம் உங்கட பொக்கற்றில வைச்சிருங்கோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாத்தனான். வெள்ளிக்கிழமை விளக்கேத்திப்போட்டுத் தானே எண்டார்.

நான் என்ன செய்தன் எண்டா, சாப்பாட்டுக் காசில கிழமைக்கு மூண்டு டொலர் எடுத்தன். எடுத்து நளினியின்ர கோட்டுக் கரைக்குள்ள வைச்சுத் தைச்சன். ஓட வேண்டி வந்தா பிள்ளையோட காசு வரும். ஆரும் திரும்பிப் போகத் தேவையில்லை.

மாச முடிவில கொப்பியில கணக்கு இடிச்சது. இந்த மாசமும் பன்ரண்டு டொலர் துண்டு விழுது எண்டார். இறைச்சிக்கடைக்காரன் ஏமாத்திறானோ எண்டார். அடுத்த மாசமும் பன்ரண்டு. அவர் இரவிரவாக் கூட்டிக் கூட்டிப் பாப்பார். என்னைச் சந்தேகிக்கேல்லை, பாவம். ஹீற்றரை நிப்பாட்டினார். பஸ்ஸை விட்டிட்டு ஸ்டேசனுக்கு நடந்தார். நளினி போர்வையோட இருந்து பாடம் எழுதினாள். நான் அதைப் பாத்துக்கொண்டு ஊசியில நூல் கோத்தனான். ஹீற்றரை விட எனக்கு அந்தக் கோட்டுத்தான் முக்கியம்.

ஆனி மாசம் கடைகளில பெடியள் காகிதப் பைகளில என்னவோ வாங்கிக்கொண்டு போனாங்கள். வெடி எண்டு இவர் சொன்னவர். மகாராணியின்ர பிறந்தநாள் வருது, அதுக்குக் கொளுத்துவாங்கள், பயப்படாதையும் எண்டும் சொன்னவர். எனக்குக் காதில விழுந்தது. உள்ள போகேல்லை.

அந்த வியாழன் பெடியள் எங்கட கட்டடத்துத் தபால் பெட்டிக்குள்ள ஒண்டைக் கொளுத்திப் போட்டிருக்கிறாங்கள். அடுத்ததைப் படிக்குக் கீழ. அங்க பழைய பேப்பர் கட்டுகள் கிடந்தது. பிடிச்சிட்டுது. அதால புகை. வெடி விளையாட்டு. நெருப்பு விளையாட்டில்லை. அதால இவரும் ஓடி வந்தவர்.

ஓடி வந்தவர் திரும்பிட்டார்.

நான் வாசலடியில நிக்கிறன். பிள்ளை இடுப்பில இருமுறாள். "காசை விடுங்கோ" எண்டு திருப்பிக் கத்துறன். மேல ஒண்டும் தெரியேல்லை. புகை மட்டும். காலடிச் சத்தமும் இல்லை. எனக்கு இது சிட்னி எண்டது மறந்து போச்சு. ஆனி எண்டதும் மறந்து போச்சு.

"பிடியும்" எண்டு மேலயிருந்து ஒரு சத்தம்.

படிக்கு நடுவால மஞ்சள் என்வலப் விழுது. என்ர காலடியில வந்து விழுது. உடைபடேல்லை.

ஆள் வரேல்லை.

நான் அதைக் குனிஞ்சு எடுக்கேல்லை. மேலயே பாத்துக்கொண்டு நிண்டன். கத்தேலாது. நளினிதான் அப்பா எண்டு கூப்பிட்டாள்.

வந்தார். கண்ணால தண்ணி ஓட ஓட, இருமி இருமி, சுவரைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி வந்தார். காஸ் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்தனான் எண்டு சொல்லிச் சிரிச்சார். நான் பிள்ளையை இறக்கி விட்டிட்டு அவருக்கு அடிச்சன். நெஞ்சில. ரெண்டு கையாலயும். கலியாணம் கட்டி எட்டு வருசத்தில முதல் தரம். கீழ்வீட்டு வெள்ளைக்காரன் தண்ணி வாளியோட பாத்துக்கொண்டு நிண்டான். வெக்கம் ஒண்டும் வரேல்லை.

தண்ணி ஊத்தி நெருப்பு நூந்திட்டுது. நாங்கள் வெளியில மதில் கட்டில இருந்தம். அங்கதான் சொன்னனான். முழுக்க. முதலாளி முன்கூட்டிக் குடுத்தது, பேணி, மதிலில வைச்ச கால், எடுத்த கால், நீலச் சேட்டு. தோய்க்கிற கல். கோட்டுக் கரையையும் சொன்னன். பத்து மாசம் அடக்கி வைச்சது. சொல்லச் சொல்லத்தான் அழுகை வந்தது. அதுவரைக்கும் நான் அண்ணாவுக்கு அழேல்லை.

இவர் என்வலப்பை எடுத்தார். அங்கயே, றோட்டு லைற்றுக்குக் கீழ, கிழிச்சார். விளக்கும் இல்லை, சாமியும் இல்லை. மூண்டாப் பிரிச்சார். ஒரு பங்கு தன்ர பொக்கற்றில. ஒண்டு என்ர கையில. ஒண்டை நளினியின்ர கோட்டுப் பொக்கற்றுக்குள்ள.

"இனி வாசல்லயே பிரிப்பம்" எண்டார். "உள்ள ஒண்டும் கிடக்க வேண்டாம்."

அண்டைக்கிருந்து அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை விளக்கு எரியும், அதுக்கு முன்னால காசு இராது. கோட்டுக்குள்ள இருந்த காசு நீலக் கொப்பியில ஏறினது. துண்டு விழுறது நிண்டது. ஹீற்றரைத் திருப்பிப் போட்டார். எண்டாலும் வெடிச் சத்தத்துக்கு நான் இண்டைக்கும் எழும்பித்தான் நிக்கிறன்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறன். 1977 ஆவணி மாசக் கணக்கு அந்தக் கொப்பியில இல்லை. அது என்னட்டத்தான் கிடக்கு.

மதிலுக்கு மேலால வந்தது நானூற்றி இருபது ரூபா. முகாமில பால்மா, பாண், பிஸ்கட்டுக்கு அறுபத்திரண்டு. நளினிக்கு ரெண்டு சட்டை, எனக்கொரு சீலை, எழுபத்தைஞ்சு. சிட்னிக்குத் தந்தி முப்பத்திமூண்டு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அண்ணாவைத் தேடிப் பாத்த ஆளுக்கு நூறு. பிள்ளையின்ர காய்ச்சல் மருந்துக்கு இருவது. கப்பலால இறங்கி வீட்டுக்குப் போன காருக்கு முப்பது. மிச்சம் நூறு அம்மாவின்ர கையில குடுத்தன். உடம்பில்லாமல் அந்தியேட்டிக் கிரியை செய்யமாட்டன் எண்டு அவ அதைத் தொடேல்லை. அண்ணாவின்ர கலியாணத்துக்கெண்டு வைச்சிருக்கிறா.

வீடு எரிஞ்சது. வாடகை வீடு, எங்கட இல்லை. தையல் மிசின் ஒண்டு, கதிரை நாலு, சாமிப்படம் ஒண்டு போச்சு. காசு ஒரு சதமும் போகேல்லை. முழுக்க வந்து சேந்தது.

ஆள் ஒண்டு. என்ர அண்ணா. வயசு முப்பத்திமூண்டு.